ரேடியம்: சொல்லும் பொருளும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் சாலையில் இரவு நேரத்தில் செல்வோர், துறைமுகச் சரக்கு லாரிகளின் பின்புறத்தில் சிவப்பும் மஞ்சளுமாய் மின்னும் பட்டைகளைக் கண்டிருப்பர். ஓட்டுநரும் கடைக்காரரும் அவற்றை 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றே வழங்குவர். அவற்றில் ரேடியம் அணுவளவும் இல்லை. (இங்கு 'அணுவளவு' என்பது வெறும் வழக்குச்சொல் அன்று.) பட்டையிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், பின்வரும் வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவே.

ஒளிர்தலாகிய ஒப்புமை பற்றி ஒன்றன் பெயர் பிறிதொன்றிற்கு ஆகிவந்தமையின் இதனை உவமையாகுபெயர் எனலாம். எள்ளின் நெய்யை மட்டும் குறித்த 'எண்ணெய்' பிறவற்றிற்கும் பொதுவானதுபோன்ற பொருள் விரிவு எனினும் இழுக்கில்லை. ஆயின், சொல்லுக்குரிய முதற்பொருள் அறவே மறக்கப்படுதல் நன்றன்று.

1898 ஆம் ஆண்டு மேரி கியூரியும் பியேர் கியூரியும் கண்டறிந்த தனிமம் ரேடியம். 'கதிர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். ஏறத்தாழ ஏழு டன் யுரேனியத் தாதுவில் ஒரு கிராம் ரேடியமே உண்டு. பல டன் தாதுக் கழிவைக் காய்ச்சி அவர்கள் 1902 இல் பெற்றது, கிராமில் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைடு. நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலுள்ள தோரியம் சிதையும்போதும் ரேடியத்தின் ஒருவகை மிகச் சிறிதளவில் தோன்றுகின்றது.

உடலுள் புகுந்த ரேடியத்தை எலும்பு சுண்ணாம்புச் சத்தெனவே ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் 1917 முதல் கடிகார முகப்புகளுக்கு ரேடியப் பூச்சுத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டால் கூராக்கினர். அவ்வாறு செய்யவே பயிற்றப்பட்டனர். பலருக்குத் தாடையெலும்பு அழுகியது. வழக்காடிய ஐவர்க்கு 1928 இல் இழப்பீடு கிட்டியது, உயிர் மீளவில்லை.

பழைய கப்பற் கடிகாரங்களிலும் திசைகாட்டிகளிலும் அப்பூச்சு இருந்தது. அதில் ஒளிர்ந்தது ரேடியத்துடன் கலந்த துத்தநாக சல்பைடு. அது சில ஆண்டுகளில் மங்கிவிடும். ரேடியமோ பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் செல்லும். முற்காலப் பல்லவர் நாளில் ஒரு கிராம் இருந்திருப்பின் இன்றும் அரைக் கிராம் எஞ்சியிருக்கும். ஆகவே மின்னுகின்ற 'ரேடியம்' தீங்கற்றது. மின்னாத பழைய முகப்பே அஞ்சத்தக்கது. அதனைச் சுரண்டுதலும் உடைத்தலும் கூடா.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2010 இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்த ஆய்வுக்கருவி ஒன்றைப் பிரித்தனர், உள்ளிருந்தது கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பழைய இரும்புக் கடைகள் நம் பகுதியிலும் உள்ளன. அக்கடைக்காரர்தம் பிள்ளைகளும் நம் வகுப்பில் பயில்கின்றனர்.