புகை குறைந்த விறகடுப்பைத் தெரிவுசெய்தல்

காணிக்குத் திரும்பும் நாளிலேயே அடுப்பு மூட்டிவிடுகிறோம். பற்றை வெட்டி முடியவில்லை, கிணறு இறைக்கவில்லை, கொட்டிலுக்குத் தகரம் வந்து சேரவில்லை. ஆனாலும் மூன்று கல்லை வைத்துத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். சில நாட்களுக்கென வைத்த அந்த மூன்று கல் பல வீடுகளில் வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறது. அதை மாற்ற நினைக்கும்போது எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது என்பதே இந்தப் பாடம். அடுப்பு வாங்க இன்னும் கொஞ்சக் காலம் ஆகும் என்பவர்களும் முதற்பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். அது மூன்று கல் அடுப்புக்கும் பொருந்தும்.

நெருப்பு இருக்கும் நிலம்

உங்கள் காணி துப்பரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டிருக்கலாம். கண்ணிவெடி அகற்றுவோர் குறிப்பிட்ட ஓர் ஆழம் வரையே நிலத்தைச் சோதிக்கிறார்கள். அதற்குக் கீழே புதைந்த எறிகணையோ வேறு வெடிபொருளோ இருந்தால், மேலே தினமும் எரியும் நெருப்பின் சூடு அதை வெடிக்கச் செய்யலாம். வளவைக் கூட்டிக் குவித்த குப்பைக்கு நெருப்பு வைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. குப்பைக்குள் என்ன சேர்ந்து வந்தது என்பது எரியும்வரை தெரியாது.

ஆகவே அடுப்பை வெறும் நிலத்தில் வைக்காதீர்கள். சீமெந்துக் கல்லும் மண்ணும் கொண்டு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். மேடைக்கு அத்திவாரம் வெட்ட வேண்டாம், மேற்பரப்பிலேயே கட்டலாம். முதுகு வளைத்துக் குந்தியிருந்து சமைக்கும் சிரமமும் குறையும். தவழும் பிள்ளை நெருப்பில் கை வைக்கும் பயமும் குறையும்.

விறகுக்காகக் காட்டுக்குப் போவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கும், சிவப்பு அடையாளமிட்ட தடிகளுக்கும் அப்பால் எவ்வளவு நல்ல காய்ந்த பாலை விறகு கிடந்தாலும் அது உங்களுக்குரியதல்ல. பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்றும் எண்ண வேண்டாம். ஊரவர்கள் வழமையாக நடக்கும் பாதையையே பயன்படுத்துங்கள். பழைய பதுங்குகுழிகளுக்குள் அடுக்கியிருக்கும் பனங்குற்றிகளை இழுத்தெடுக்க வேண்டாம். விறகுக்கு அது வசதியாகத் தெரியும். உள்ளே கைவிடப்பட்ட வெடிபொருட்கள் இருக்க இடமுண்டு, அவற்றைச் சுற்றியுள்ள நிலமும் நம்பத்தகுந்ததல்ல. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸாரிடமோ சொல்லுங்கள்.

விறகு குறைவாகச் செலவாகும் அடுப்பு ஒன்று வீட்டிலிருந்தால் காட்டுக்குப் போகும் நடைகளும் குறையும். அடுப்பைப் பற்றிய ஒரு பாடத்தை மீள்குடியேற்றக் கையேட்டில் சேர்த்ததற்கு முதற்காரணம் இதுதான். புகை இரண்டாவது காரணம்.

புகை என்பது எரியாமல் போன விறகு

விறகு சூடாகும்போது முதலில் அதிலிருந்து வாயுக்கள் வெளியேறுகின்றன. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அந்த வாயுக்கள் சுவாலையாக எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் அவை புகையாக மேலே போகும். எனவே கண்ணை எரிக்கும் புகை வேறொன்றுமல்ல, நீங்கள் சுமந்து வந்த விறகின் ஒரு பகுதிதான். மூன்று கல் அடுப்பில் காற்று எல்லாப் பக்கமும் அடித்து நெருப்பைக் குளிர வைக்கிறது. சூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பானைக்குப் போகிறது. மிச்சம் அடுப்படியைச் சூடாக்குகிறது.

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவும் உள்ளன. வீட்டுக்குள் இந்தப் புகையைச் சுவாசிக்கும் சிறுபிள்ளைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரியவர்களுக்கு நாட்பட்ட இருமல், சுவாசப்பை நோய், கண்புரை ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. முட்டு வருத்தம் உள்ளவர்களுக்குப் புகையே வருத்தத்தைக் கிளப்பிவிடும். சமைப்பவர் பெரும்பாலும் தாய். கைக்குழந்தையும் அவருடைய இடுப்பிலேயே இருக்கிறது.

தறப்பாள் கொட்டிலும் தகரக் கொட்டிலும் இதில் மிக மோசமானவை. பழைய கிடுகு வீட்டில் கூரையின் இடுக்குகளால் புகை கசிந்து போய்விடும். தகரத்துக்குக் கீழே அது தேங்கி நிற்கும். அடுத்த கொட்டில் பத்தடியில் இருந்தால் உங்கள் புகை அவர்களுடைய படுக்கைக்குப் போகிறது. ஆகவே வரிசையாகக் கொட்டில்கள் உள்ள இடத்திலும், கர்ப்பிணியோ பச்சிளம் குழந்தையோ முட்டு வருத்தக்காரரோ உள்ள வீட்டிலும், பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் பாடசாலைச் சமையலறையிலும் புகையைக் கட்டுப்படுத்துவதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

“புகை இருந்தால்தான் நுளம்பு வராது, கிடுகும் உளுக்காது” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கிடுகைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. நுளம்பும் புகைக்கு ஓரளவு விலகும். ஆனால் நுளம்புவலை தரும் பாதுகாப்பைப் புகை தராது. கிடுகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், பிள்ளையின் நெஞ்சை மாற்ற முடியாது.

எந்த அடுப்பு?

இலங்கையில் அதிகம் பரவியுள்ள திருந்திய அடுப்பு ‘அனகி’. 1980களில் இங்கேயே உருவாக்கப்பட்டது. சுட்ட களிமண்ணால் ஒரே துண்டாகச் செய்யப்படும் இரட்டை அடுப்பு இது. முன்பக்கம் விறகு வைக்கும் வாய், அதன்மேல் முதற்பானை. சுவாலை ஒரு சிறு சுரங்கத்தால் பின்பக்கம் போய் இரண்டாவது பானையையும் சூடாக்குகிறது. சூட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பானைக்குப் போவதால் மூன்று கல்லை விட விறகு நன்றாகவே குறையும். அடுப்பு மாற்ற நினைக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எமது முதற்சிபாரிசு இதுதான். விலை குறைவு, நமது சட்டி பானைக்குப் பொருந்தும், உடைந்தாலும் பெரிய நட்டமில்லை.

வாங்கும்போது வீட்டிலுள்ள சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். பானை அடுப்பின் வாயில் ஆடாமல் இருக்க வேண்டும். அடியைச் சுற்றிச் சிறிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி மிகப் பெரிதானால் சூடு வெளியே போய்விடும், இல்லாவிட்டால் நெருப்பு மூச்சடைத்துப் புகையும். அடுப்பை விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும், வெடிப்பு இருந்தால் ஓசை செத்திருக்கும். உள்ளே கையை விட்டுச் சுரங்கம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே நெருப்பு மூட்டுவதுதான் பலர் விடும் பிழை. வெறும் அடுப்பு ஒரு வருடமளவில் வெடித்துவிடும். சுற்றிவர மண் பூசினால் மூன்று வருடமும் அதற்கு மேலும் உழைக்கும், சூடும் உள்ளேயே நிற்கும். புற்றுமண் அல்லது களிமண்ணுடன் உமியோ நறுக்கிய வைக்கோலோ கொஞ்சம் சாணமோ சேர்த்துக் குழைத்து, ஒருநாள் ஊறவிட்டு, இரண்டு அங்குலத் தடிப்பில் மேடையோடு சேர்த்துப் பூசுங்கள். வாயையும் பானை இருக்கும் விளிம்புகளையும் மூடிவிடாதீர்கள். பூச்சு நிழலில் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். முதல் சில நாட்கள் சுள்ளி நெருப்பு மட்டும். வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் கரைத்துத் தடவலாம்.

பின் அடுப்பை வெறுமையாக விடக்கூடாது. முன்னால் புட்டு அவிகிறது என்றால் பின்னால் கறியோ, பிள்ளை குளிக்க ஒரு பானைத் தண்ணீரோ இருக்கட்டும். பானை இல்லாவிட்டால் அந்த ஓட்டையால் சூடும் புகையும் நேராக வெளியே வரும். பின்பு “புது அடுப்பும் புகைக்கிறது” என்று குறை சொல்வோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனகியில் புகைக்கூடு கிடையாது. அது புகையைக் குறைக்கும், இல்லாமலாக்காது. மேலே சொன்ன புகையைக் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய வீடுகளில் அடுப்பைத் தனிப் பத்தியில் வையுங்கள், அல்லது புகைக்கூட்டுக்குக் கீழே வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் பெரிய பானையும் அதில் சரிவராது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கும் பாடசாலைக்கும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய, புகைக்குழாய் பொருத்திய அடுப்பே பொருத்தம்.

மரத்தூள் அடுப்பு அரிவு ஆலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு நல்லது. தூளை இறுக்கி அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஈரத்தூள் மோசமாகப் புகையும். விசிறி பொருத்திய இரும்பு அடுப்புகள் மிகச் சுத்தமாக எரிகின்றன. ஆனால் சிறு துண்டுகளாக வெட்டிய காய்ந்த விறகும் மின்சாரமோ பற்றரியோ தேவை. மின்சாரம் வராத ஊரில் அதை வாங்கிக் கொட்டிலின் மூலையில் வைத்திருப்பதை விட, அந்தப் பணத்துக்குக் கூரைத் தகரம் வாங்கலாம்.

விறகு ஈரமானால் எந்த அடுப்பும் தோற்கும்

பச்சை மரத்தின் பாரத்தில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகிறது, புகையும் கூடுகிறது. வெட்டிய விறகைப் பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு தடிகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களால் காற்றுப்போக விடுங்கள். ஐப்பசி மழைக்குத் தேவையான விறகை ஆவணி முடிய முன்னரே அடுக்கிவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு காய வைக்க இடமிருக்காது.

விறகை இரண்டு மூன்று விரல் தடிப்பில் கொத்துங்கள். ஒருமுறைக்கு இரண்டு மூன்று துண்டுகள் போதும், எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். வாயை நிறைத்து அடைத்தால் காற்றுப் போகாது. பாலையும் வேம்பும் நின்று எரியும். கிளிசிரியா வேலியில் நட்டால் கிளை வெட்ட வெட்டத் தழைக்கும், சில வருடங்களில் வீட்டு விறகில் ஒரு பங்கு வேலியிலிருந்தே வரும். நமது பகுதியில் பனைமட்டை, காவோலை, ஊமல், பொச்சு, சிரட்டை எல்லாம் வளவிலேயே கிடக்கின்றன. காவோலை சட்டெனப் பற்றி அணையும், மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு மூட்ட சொப்பின் பை, ரயர் துண்டு, பிளாஸ்டிக் போத்தல் எதுவும் வேண்டாம். அந்தப் புகை விறகுப் புகையை விட நச்சானது. பூச்சடித்த பழைய கதவு, யன்னல் பலகைகளும் அப்படியே.

வீட்டுத்திட்டம் கிடைத்தவர்களுக்கு

குசினியில் புகைக்கூடு எங்கே வரும் என்பதைச் சுவர் எழும்ப முன்னரே மேசனிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் பேசி முடிவெடுங்கள். கூரை போட்ட பின்னர் உடைத்துக் கட்டுவது இரட்டைச் செலவு. காற்று வழமையாக வரும் பக்கத்தையும் பாருங்கள், குசினிப் புகை படுக்கையறைக்குள் வரக்கூடாது. புகைக்கூட்டின் முனை கூரையின் முகட்டை விட இரண்டடியாவது உயர நிற்கட்டும். தாழ்வாக விட்டால் காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். அஸ்பெஸ்டஸ் குழாயையோ பிளாஸ்டிக் குழாயையோ புகைக்குழாயாக வைக்க வேண்டாம். கிடுகுக் கூரையானால் குழாய் கிடுகைத் தொடாமல் சுற்றிவர இடைவெளி விட்டுத் தகரம் அடியுங்கள். மாரிக்கு முன் ஒருமுறை சாம்பற்கரியைத் தட்டித் துப்பரவாக்குங்கள்.

மாரி இரவுகளில் குளிருக்குத் தணலைச் சட்டியில் எடுத்துக் கொட்டிலுக்குள் வைத்துப் படுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தணலில் புகை தெரியாது, மணமும் குறைவு. ஆனால் காபனோரொட்சைட்டு வந்துகொண்டே இருக்கும். மூடிய கொட்டிலில் அது நித்திரையிலேயே உயிரை எடுக்கும். தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, போர்வைக்குள் பிள்ளைகளை நெருக்கிப் படுக்க வையுங்கள்.

மாதர் சங்கத்தில் செய்து பார்க்க

புதிய அடுப்பு உண்மையிலேயே விறகை மிச்சப்படுத்துகிறதா என்று எங்கள் சொல்லை நம்ப வேண்டாம். சங்கக் கடையிலோ அயலிலோ ஒரு தராசைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வீடுகளைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்றில் மூன்று கல், மற்றதில் அனகி, இரண்டிலும் சமைப்பவர்களின் தொகை ஒன்றாக இருக்கட்டும். காலையில் ஆளுக்கு ஒரு கட்டுக் காய்ந்த விறகை நிறுத்துக் கொடுங்கள். இரவு சமையல் முடிந்ததும் மிஞ்சியதை நிறுங்கள். மூன்று நாட்கள் தொடர்ந்து செய்து, குறைந்த கிலோவைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு வீடுகளை மாற்றாமல் அடுப்புகளை மட்டும் மாற்றி இன்னும் மூன்று நாட்கள் நிறுங்கள். ஏனென்றால் சிக்கனமாக விறகு தள்ளும் கையும் ஒரு காரணமாக இருக்கலாம். எமது வெளிக்கள உத்தியோகத்தர் அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியை அவரிடம் காட்டுங்கள்.