ஃப்ரிட்ஜ் கொஞ்சமாக ஓடட்டும்

கரண்ட் பில் எகிறினால் எல்லோரும் ஏசியைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் வருஷம் முழுக்க, ராத்திரி பகல் பாராமல் வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜ். அதன் கம்ப்ரசர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் செலவே. மதுரை வெயிலில் பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்துப் பல வருஷம் குடித்தனம் நடத்தியதில் நான் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் அளந்து பாருங்கள். வெளியூர் போகும்போது ஃப்ரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். வித்தியாசத்தை நாள் கணக்கால் வகுத்தால் ஒரு நாள் செலவு வந்துவிடும். கதவே திறக்காத நாட்களின் கணக்கு இது. சமையல் நடக்கும் நாளில் இன்னும் கூடும்.

அடுத்து கதவு ரப்பர். கதவுக்கு நடுவே ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. எங்கள் வீட்டில் கீழ்மூலையில்தான் இப்படி இருந்தது. ரப்பர் மடிப்பை விரித்தால் உள்ளே இட்லி மாவு வழிந்து காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்ததும் நோட்டு இறுகப் பிடித்துக்கொண்டது. ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

இடமும் முக்கியம். ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளும் இயந்திரம். அடுப்புக்குப் பக்கத்திலோ, மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமோ வைத்தால் அந்தச் சூட்டைத் தள்ளவே கம்ப்ரசர் திணறும். பின்புறம் கம்பிவலை இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள். புது மாடல்களில் பெரும்பாலும் பக்கச் சுவர்தான் சுடும். அங்கே காற்றுப் போக இடம் விடுங்கள், துணி போட்டு மூடாதீர்கள்.

உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி இருந்தால் போதும். சிங்கிள் டோரில் திருகு எண் கூடக் கூடக் குளிர் கூடும்; மழைக்காலத்தில் குறைத்து வையுங்கள். ஐஸ் அரை சென்டிமீட்டர் கட்டியதும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். கத்தியால் குத்தக் கூடாது. குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். சாம்பாரை ஆறவைத்து, மூடி போட்டு வையுங்கள். ராத்திரியில் அணைத்து வைப்பதால் மிச்சமாவது சொற்பம். காலையில் கம்ப்ரசர் சேர்த்து ஓடும், பாலும் மாவும் புளித்துவிடும்.

புதிதாக வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். ஒரே கொள்ளளவுள்ள மாடல்களை அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். வருஷத்துக்கு 200 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 33 யூனிட். நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும் பழசுக்கு அதே இரண்டு மாதத்தில் 90.

தமிழ்நாட்டில் இந்த 57 யூனிட் வித்தியாசம் லேசானதல்ல. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறும். அந்தக் கோட்டை ஒட்டி பில் வரும் வீடுகளுக்கு ஃப்ரிட்ஜில் மிச்சமாகும் யூனிட்தான் கைகொடுக்கும். புதுசு வாங்கிய பிறகு பழசை மாடிப்படிக்குக் கீழே இரண்டாவது ஃப்ரிட்ஜாக ஓடவிடாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை கதவு ரப்பரிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் காசே ஆகாது.