இரைப்பைக்குள் ஒரு பலூன்

போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினார். "டீச்சர், இத ஒருக்காப் பாருங்க. வயித்துக்குள்ள பலூன் வைக்கிறாங்களாம். வெட்டுறது ஒண்டும் இல்லியாம். மகளுக்குச் செஞ்சா என்ன?" மகள் அவருக்குப் பின்னால் பர்தாவின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை கொஞ்சம் பெருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போன கதை எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த உம்மாவுக்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். விஞ்ஞானம் கற்கும் மாணவிகள் இதைச் சமிபாட்டுத் தொகுதிப் பாடத்தின் தொடர்ச்சியாகவும் வாசிக்கலாம்.

உணவு களத்தின் வழியாக இரைப்பையை அடைகிறது. இரைப்பை ஒரு தசைப்பை. நிறைய நிறைய விரியும். அதன் சுவர் விரிவதை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. "போதும்" என்ற உணர்வு வருவதற்கு அது ஒரு முக்கிய காரணம். பலூன் சிகிச்சை இந்த ஒரு விடயத்தைத்தான் பயன்படுத்துகிறது. சுருட்டிய சிலிக்கன் பலூனை வாய்வழியாக, அகநோக்கிக் குழாயின் உதவியுடன் இரைப்பைக்குள் இறக்கி, 400 முதல் 700 மில்லிலீற்றர் வரை உப்புநீரால் நிரப்புகிறார்கள். குழாயை எடுத்துவிட்டால் பலூன் உள்ளே மிதந்துகொண்டிருக்கும். உணவுக்கு உள்ள இடம் குறைகிறது, இரைப்பை வெறுமையாகும் வேகமும் குறைகிறது. ஆகவே பாதிச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். இரைப்பையின் அமிலம் சிலிக்கனையும் நாளடைவில் பழுதாக்கும் என்பதால் 6 மாதத்தில் அதே வழியால் வெளியே எடுத்துவிட வேண்டும். அகநோக்கி இல்லாமல் மாத்திரை போல விழுங்கி, மெல்லிய குழாயால் நிரப்பும் வகையும் இப்போது உண்டு. அது ஏறக்குறைய 4 மாதத்தில் தானாகத் திறந்து, நீர் வடிந்து, மலத்தோடு போய்விடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. சிலருக்குத் தலைமயிரைக் கடித்து விழுங்கும் பழக்கம் உண்டு. (வகுப்பில் பின்னல் நுனியைக் கடிப்பவர்கள் கவனிக்கவும்!) மயிர் சமிபாடடையாது. இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். அப்படிப்பட்டவர்கள் மெலிந்துபோவதை வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். 1982ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த நீபென், ஹார்போ ஆகிய இருவர், செயற்கையான ஓர் உருண்டையை நாமே வைத்தால் என்ன என்று 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். 1985இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 'காரன்-எட்வர்ட்ஸ்' என்ற காற்றுப் பலூனுக்கு அனுமதி கொடுத்தது. அவசரப்பட்டுவிட்டார்கள். அதன் விளிம்புகள் இரைப்பையின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கின. சிலருக்கு அது சுருங்கிக் குடலில் போய் அடைத்தது. ஒரு பகுதியினருக்குப் பலூன் வைத்து, மற்றவர்களுக்கு வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, உணவுக் கட்டுப்பாட்டுக்கு மேலாகப் பலூனால் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. 1988இல் விற்பனை நின்றது. இதற்கிடையில் 1987இல் புளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரில் நிபுணர்கள் கூடி, நல்ல பலூன் மழமழப்பாக இருக்க வேண்டும், காற்றுக்குப் பதில் திரவத்தால் நிரப்பப்பட வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தார்கள். இன்றைய பலூன்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றில் 'ஓர்பெரா' என்பதற்கு 2015இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, மெலிகிறார்களா? மெலிகிறார்கள். ஓர்பெராவின் அனுமதிக்காக நடந்த ஆய்வில், பலூன் வைத்தவர்கள் 6 மாத முடிவில் தங்கள் நிறையில் சராசரியாக 10.2 வீதத்தை இழந்தார்கள். பலூன் இல்லாமல் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் இழந்தது 3.3 வீதம். பலூனை எடுத்து ஆறு மாதம் சென்று பார்த்தபோது 10.2 என்பது 7.6 ஆகிவிட்டது. அதாவது போனது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. பலூன் சோற்றுக்குத் தடையாக இருக்குமே தவிர, வட்டிலப்பத்துக்கோ ஐஸ்கிறீமுக்கோ தடையாக இராது. இனிப்புப் பானம் அதன் பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நம் நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்புக் குறியிட்ட அரை லீற்றர் போத்தலில் குறைந்தது 55 கிராம், ஏறத்தாழ 11 தேக்கரண்டிச் சீனி இருக்கும். அதற்குப் பலூன் என்ன செய்யும்?

ஆபத்துகளைப் பார்ப்போம். முதல் சில நாட்களுக்குப் பெரும்பாலானோருக்கு வாந்தியும் வயிற்று நோவும் இருக்கும். தாங்க முடியாமல் முன்னதாகவே எடுத்துவிட்டவர்களும் உண்டு. அரிதாகச் சதையி அழற்சி, இரைப்பையில் துளை விழுதல் போன்றவையும் நேர்ந்திருக்கின்றன. திரவப் பலூன் வைத்தவர்களில் 2016 முதல் உலகெங்கும் 12 மரணங்கள் பதிவானதாக அதே அமெரிக்க நிர்வாகம் 2018 ஜூனில் அறிவித்தது. பலூன் வைத்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான்; ஆனால் "ஒன்றுமில்லை, சும்மா பலூன்" என்று சொல்லும் விளம்பரத்தில் இது இருப்பதில்லை. உப்புநீரோடு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். பலூன் கசிந்தால் சிறுநீர் பச்சையாகும். அப்போது தாமதிக்கக் கூடாது. சுருங்கிய பலூன் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் லிங்கநகரில் இருக்கிற நாம் யோசிக்க வேண்டும். பலூனைக் கொழும்பிலோ சென்னையிலோ வைத்துக்கொண்டு வந்துவிடலாம். நடுச்சாமத்தில் சிறுநீர் பச்சையானால்? கொழும்பு இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவில். வைத்தவரின் தொலைபேசி அந்த நேரம் பதில் சொல்லுமா, எடுப்பதற்கு ஆகும் செலவு முதலில் சொன்ன தொகைக்குள் அடங்குமா, இங்குள்ள வைத்தியர்களுக்குக் காட்ட என்ன கடிதம் தருவார்கள் என்பவையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். கர்ப்பமாக இருக்கும்போது பலூன் வைத்திருக்கக் கூடாது என்பதையும் கலியாணத்தை மனதில் வைத்து இதை நினைக்கும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

அந்த மாணவியையும் தாயாரையும் மறுவாரம் அழைத்து, விளையாட்டு அறையில் உயரம் அளந்தோம். 1.56 மீற்றர். நிறை 64 கிலோகிராம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் உடற்றிணிவுச் சுட்டி 26.3. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23 இலிருந்தே நோய் அபாயம் கூடத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஆகவே கவனிக்க வேண்டிய நிறைதான். (19 வயது நிரம்பாதவர்களுக்கு வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், இந்தப் பிள்ளைக்கு 18.) ஆனால் ஓர்பெராவுக்கு அமெரிக்காவில் கொடுத்த அனுமதி, சுட்டி 30 முதல் 40 வரை உள்ள, 22 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு. இவளுடைய உயரத்தில் சுட்டி 30 ஆக வேண்டுமென்றால் 73 கிலோகிராம் இருக்க வேண்டும். கணக்கைத் தாளில் அவளே செய்தாள். செய்து முடித்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

பேச்சோடு பேச்சாக, இரண்டு மாதமாகக் காலையில் வெறும் பிளேன்ரீயோடு கல்லூரிக்கு வருவதாகச் சொன்னாள். பின்னேரம் பசி தாங்காமல் ரோல்ஸ், பற்றிஸ் என்று வாங்கிச் சாப்பிடுகிறாள். நடக்கலாமே என்றேன். "எங்க நடக்கிற டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. கடற்கரையில் மாலையில் ஆண்பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், பெண்பிள்ளைகள் நடப்பதற்கென்று ஒதுக்கிய இடம் எதையும் நான் கண்டதில்லை. பாடசாலை விட்ட பின் அரை மணி நேரம் நம் மைதானத்தைத் திறந்துவைக்க அதிபரிடம் கேட்டிருக்கிறோம்.

புறப்படும்போது தாயார் வாசலில் தயங்கி நின்றார். மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டீச்சர், மகளுக்கு மாசம் ஒழுங்கா வாறல்ல. ஒரு வருசமாகுது. அதுக்கும் இந்தப் பெருப்பத்துக்கும் சம்பந்தம் இருக்குமா? ஆருக்கிட்டக் காட்டுற?"

சூலகத்தில் சிறு கட்டிகள் தோன்றும் நிலையிலும், தைரொயிட் சுரப்புக் குறைவிலும் மாதவிடாய் குழம்புவதும் நிறை கூடுவதும் சேர்ந்தே வரும் என்று சொன்னேன். வெள்ளைத் தாளொன்றில் பிள்ளையின் உயரம், நிறை, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.