காற்றாலை வருமுன் ஊரைக் கேட்டார்களா?



நாள் குறித்து, பந்தல் போட்டு, பலகாரமும் சுட்டு முடித்தபின் ஒருவர் பெண் கேட்டு வந்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள்? "கேட்கவா வந்தீர்கள், அறிவிக்கவா வந்தீர்கள்?" என்றல்லவா கேட்பார்கள்! மன்னார் மக்கள் சில ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுவே. இவ்வாரம் குடும்பமாக இதனை ஆராய்வோம்.

பார்ப்போம்

சோழகக் காற்று மன்னார்த் தீவின் தென்கரையில் ஓயாது வீசுவதை நாம் அறிவோம். அக்காற்றை நம்பி இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன், 30 காற்றாலைகளை அங்கே நிறுவியது. 'தம்பபவனி' என்னும் அந்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று.

பின்னர் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 250 மெகாவாற்று நிலையம் அமைக்க முன்வந்தது. 2024இல் அதற்கெதிராக உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு காற்றாலைகளின் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்கவே, மக்கள் வீதியில் இறங்கினர். ஜனாதிபதியுடன் பேச்சு நடந்தது. வேலைகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. செப்டெம்பர் 26 இரவு பொலிசாருக்கும் மக்களுக்கும் இடையில் மோதல் மூண்டது. 29ஆம் திகதி மன்னார் எங்கும் கடைகள் அடைக்கப்பட்டன.

மக்கள் சொல்லும் குறைகள் மூன்று. தீவு தாழ்ந்த மணல் நிலம். மாரி மழைநீர் பழைய வழிகளால் கடலுக்குப் போகவேண்டும். போதிய மதகின்றி உயர்ந்த பாதை போட்டால், நீர் வளவுகளுக்குள் நிற்கும். கரையோரத்து மீன்பாடு குறைந்துவிட்டது என்கின்றனர் மீனவர். மூன்றாவது, பறவைகள். வடதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அவை வந்து தங்கும் வங்காலைச் சரணாலயம், 2010 முதல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமாகும்.

நிதானிப்போம்

காற்றாலை நமக்குப் பகையா? இல்லை. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை இருளில் இருந்ததை மறந்துவிட்டோமா? நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுப்பதிலும், காற்றிலும் வெயிலிலும் எடுப்பது நல்லதே. ஆயினும், எங்கே, எத்தனை, எப்படி என்பதை அந்த மண்ணில் வாழ்பவர்களைக் கேளாமல் தீர்மானிப்பது முறையல்ல. மழைநீர் எவ்வழியே ஓடும், வலை எங்கே இழுப்பது என்பவை கொழும்பிலுள்ள வரைபடத்தில் இல்லை; ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' மடலின் 183ஆம் பத்தி இதனையே போதிக்கிறது. திட்டத்தை வரைந்து முடித்தபின்னல்ல, தொடக்கத்திலேயே பாதிப்புகளை ஆராய வேண்டும். அந்தப் பேச்சில் உள்ளூர் மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்கிறது.

நாட்டின் சட்டமும் இதற்கு வழிவிட்டது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்திற்கு 1988இல் வந்த திருத்தம், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொன்னது. மூன்று மொழிகளிலும் பத்திரிகை அறிவித்தல் வரவேண்டும். 30 நாட்களுக்குள் யாரும் தம் கருத்தை எழுதியனுப்பலாம். ஆனால், சிறிய திட்டங்களுக்குச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையே போதுமென விடப்படுவதுண்டு. அதற்கு இந்த 30 நாள் கட்டாயமில்லை. ஆகவே, "எந்த அறிக்கை செய்தீர்கள்?" என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி.

செயலாற்றுவோம்

நமக்கும் கடமை உண்டு. அறிவித்தல் வந்த நாளில் வாசிக்காமல், கனரக வாகனம் வந்த நாளில் கூக்குரலிட்டுப் பயன் குறைவு. பங்கு மக்களிற் சிலர் அறிக்கையை வாசித்து, மற்றவர்களுக்கு எளிய தமிழில் விளக்கலாம். பிரதேச செயலகத்தில் விபரம் கிடையாவிடின், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம். கூட்டம் வைப்பவர்களிடம், மீனவர் கடலுக்குப் போகாத வேளையில் வைக்கும்படியும், பெண்களையும் அழைக்கும்படியும் சொல்லலாம். வெள்ளம் நின்ற இடங்களைத் திகதியோடு குறித்துவைப்போம்; வதந்தியைவிட அந்தக் கொப்பி வலிமையுள்ளது.

காணியைக் குத்தகைக்குக் கொடுக்க எண்ணுபவரும் ஒன்றை நினைக்கட்டும்: பணம் ஒரு வீட்டுக்கு வரும், நீர் நிற்பதோ அயல் வளவிலும்தான்.

"வேண்டாம்" என்று சொல்ல இடமிருந்தால்தான், "சரி" என்று சொல்வதற்கும் பெறுமதி உண்டு. அவ்வாறு பெற்ற சம்மதத்தின்மேல் நிறுத்தப்படும் காற்றாலைக்குப் பொலிஸ் காவல் தேவைப்படாது.

குடும்பத்தில் கலந்துரையாட:

1. நம் ஊரில் கடைசியாக வந்த பொதுத் திட்டம் எது? தொடங்குமுன் நம்மை யார் கேட்டார்கள்?

2. நம் வளவின் மழைநீர் எவ்வழியாகக் கடலைச் சேர்கிறது? பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

3. நம் வீட்டில் முடிவெடுக்கும்போது எல்லோரையும் கேட்கிறோமா, அறிவிக்கிறோமா?