செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் கல்லூரி முடிவுகள் வரும் வாரத்தில், சிந்தாதிரிப்பேட்டை ஐயா முதலி தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், பக்கத்தில் அம்மா. விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக் என்று பட்டத்தின் பெயர் மாறும். கேள்வி மட்டும் மாறாது: "ஆன்ட்டி, இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

நான் 1983இல் விலங்கியல் முடித்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடம், மீன் ஏற்றுமதி ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, கடைசிப் பத்து வருடம் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி என்று இந்தப் படிப்பை வைத்தே குடும்பம் நடத்தினேன். கூடத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. முதல் சொல் உங்களுக்கு அல்ல, உங்கள் அம்மாவுக்கு. "நீட்ல மார்க் வரலைங்க, அதான் இதுல சேர்த்தோம்" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். மூன்று வருடமும் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டே அது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. நேர்காணலில் தலை குனிந்து பேசும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். டாக்டராகாமல் மிஞ்சியவர்கள் படிக்கும் படிப்பு அல்ல உயிரியல். அதற்கென்று தனி வேலைகள் இருக்கின்றன.

2. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எங்கள் மீன் மார்க்கெட்டுக்கு ஒரு நோட்டோடு போங்கள். வாங்க வேண்டாம், பாருங்கள். காசிமேட்டிலிருந்து வந்தது எது, ஐஸ் பெட்டியில் பல நாள் லாரியில் வந்தது எது என்று விற்கிற அம்மாவுக்குத் தெரியும். செவுளைத் தூக்கிக் காட்டுவார்: நல்ல சிவப்பு என்றால் புதுசு, பழுப்பு ஏறியிருந்தால் பழசு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. கண் உள்ளே போயிருக்கக் கூடாது. இத்தனையையும் கண் இமைக்கும் நேரத்தில் பார்த்துவிடுவார். உயிர் போன பிறகு தசையில் என்னென்ன மாறும் என்று நீங்கள் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியதும் இதைத்தான். அவருக்கு உங்கள் பாடம் தெரியாது, உங்களுக்கு அவருடைய மீன் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆளைத்தான் இறால் பண்ணையிலும் ஏற்றுமதி ஆலையிலும் குளிர்பதனக் கிடங்கிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கானாங்கெளுத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிஜர் கானாகுர்தா. பின்பாதிச் சொல் தெலுங்குக் கரையின் மீனவர்கள் வைத்த பெயர். விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட நூல் வழியாக அது அறிவியலுக்குள் போனது. யாரோ ஒருவர் கரையில் நின்று, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேர்?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். நீங்களும் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது ஒருமுறை போய், எந்தெந்த மீன் இல்லை, விலை என்ன ஆனது என்று எழுதினால், அந்த நோட்டையே நேர்காணலுக்குக் கொண்டுபோகலாம்.

3. "நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை அவர்கள் உங்கள் விண்ணப்பத்திலேயே படித்துவிட்டார்கள். உங்கள் கை என்ன செய்தது என்று சொல்லுங்கள். ஒரு தாளை எடுத்து, ஆய்வகத்தில் செய்த ஒவ்வொன்றையும் வினைச்சொல்லாக எழுதுங்கள்: நீர்த்தேன், சாயம் ஏற்றினேன், எண்ணினேன், இனம் கண்டேன், கெடாமல் வைத்தேன், அட்டவணை போட்டேன்.

ஓர் உதாரணம். மெக்கான்கி கரைசல் ஊற்றிய குழாய்களை வரிசையாக வைத்து, உள்ளே இருக்கும் டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழ் வந்ததா என்று பார்த்து, எம்.பி.என். அட்டவணையில் எண்ணைத் தேடினீர்கள் அல்லவா? எங்கள் பேட்டையின் பம்பிங் ஸ்டேஷன் ரோட்டில்தான் சென்னைக் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இன்படி 100 மி.லி. மாதிரியில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டும். கூவம் மூன்று பக்கமும் சுற்றி ஓடும் இந்தப் பேட்டையில் இருக்கும் எனக்கு, அந்த எண்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு குழந்தையின் வயிறு. கேன் தண்ணீர் ஆலைக்கும், மருந்து ஆலைக்கும், மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கும் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். நீங்கள் இரண்டாம் வருடம் செய்த அந்தச் சோதனையைத்தான் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள்.

4. ரெக்கார்டு நோட்டை இனி யாரைப் பார்த்தும் எழுதாதீர்கள்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் குளிர் அறையின் வெப்பநிலையை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு காலை ஷிப்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஐந்து வரியிலும் ஒரே எண். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஐந்து தடவை எழுந்து வந்து எழுதியவரின் கையெழுத்து அப்படி இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தேன். அடுக்கி வைத்திருந்தது கானாங்கெளுத்தி. அந்த இனத்து மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். குளிர் குறைந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். பார்க்க மீன் நன்றாகவே இருக்கும். செவுள்கூடக் காட்டிக்கொடுக்காது.

அந்த லாட்டை நிறுத்தி வைத்தேன். கன்டெய்னர் வாசலில் நின்றது. எனக்கு மேலே இருந்தவர் மூன்று முறை கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். சோதனை முடிவு வரும்வரை போடவில்லை. முடிவு வந்தபோது அளவு மீறியிருந்தது.

அந்த இரவு ஷிப்டுப் பையன் கெட்டவன் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, செய்யாத சோதனைக்கு முடிவு எழுதிப் பழகியவன். அந்தக் கை ஆலையிலும் அதையே செய்தது. தரக் கட்டுப்பாடு, மருந்துப் பரிசோதனை, ரத்த ஆய்வகம் என்று நீங்கள் எங்கே போனாலும் உங்களிடம் விலைக்கு வாங்கப்படுவது ஒன்றுதான்: பார்த்ததை, பார்த்த நேரத்தில், பார்த்தபடி எழுதும் கை. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். ஒயிட்னர் பாட்டிலை ஆய்வகத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

5. பட்டத்தின் பெயரைவிடக் கை முக்கியம் என்றேன். அரசு வேலை அறிவிக்கையில் அப்படி இல்லை. அங்கே பட்டத்தின் பெயர்தான் வாசற்கதவு. இந்திய வனப் பணித் தேர்வுக்கான பாடப் பட்டியலில் விலங்கியலும் தாவரவியலும் இருக்கின்றன, மைக்ரோபயாலஜியும் பயோடெக்கும் பெயர் சொல்லி இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான 2011ஆம் ஆண்டு விதிகளில் தலைகீழ்: மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக் உண்டு, வெறும் விலங்கியல் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. இது தெரியாமல் ஒரு பெண் ஒன்றரை வருடம் கோச்சிங் போய்விட்டு என்னிடம் வந்து அழுதாள். அறிவிக்கை வந்தால் கோச்சிங் சென்டரின் நோட்டீஸைப் படிக்காதீர்கள். கல்வித் தகுதிப் பகுதியை நீங்களே, ஒவ்வொரு கமாவையும் நின்று நின்று படியுங்கள். விதிகள் மாறும், அதனால் அந்த வருடத்து அறிவிக்கையையே பாருங்கள்.

6. மெடிக்கல் கோடிங்கை இளக்காரமாகப் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐ.சி.டி. எண்ணும், சிகிச்சைக்கு சி.பி.டி. எண்ணும் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்பும் வேலை. உடற்கூறு தெரியாமல் செய்ய முடியாது. சென்னையில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு அதில்தான் எரிகிறது. சேர்ந்தால் சி.பி.சி. என்ற சான்றிதழ்த் தேர்வை எழுதி முடியுங்கள், தணிக்கைப் பிரிவுக்கும் பயிற்சிப் பிரிவுக்கும் அதுதான் படி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுங்கள்.

7. வேலை வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

8. உங்கள் தமிழும் ஒரு தொழில் திறன். மருந்துப் பரிசோதனைகளில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்கிறவர்கள், நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிய பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்திருக்கும் ஒரு பெரியவரிடம் 'பிளசிபோ' என்றால் அவருக்கு என்ன தெரியும்? "ஐயா, இதில் பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. உங்களுக்கு எது வருகிறது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எப்ப வேண்டாம்னு தோணினாலும் நிறுத்திடலாம், உங்க வைத்தியம் நிக்காது." இப்படிச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் பாட்டியை உட்கார வைத்துத் தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று விளக்குங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார் என்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

9. லேப் டெக்னீஷியன் வேலை வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் படிப்பைப் படியுங்கள். விலங்கியல் பட்டத்தை வைத்து இரண்டு மாதச் சான்றிதழில் ரத்தம் எடுக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஆசிரியராக ஆசை இருந்தால் பி.எட்.டைத் தள்ளிப் போடாதீர்கள்.

10. எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு புள்ளியியல் பேப்பரைப் பயந்து விட்டிருந்தால் திரும்ப எடுத்துப் படியுங்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். அப்படியே பக்கத்து அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

11. ஒரு வேலையில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க அதுதானா என்று பயப்படுகிறீர்கள். ஜானகி அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். தலச்சேரியிலிருந்து வந்து, ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் முடித்தவர். அவர் கைக்குத் தெரிந்தது ஒரு வேலை: செல்லை நசுக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவது. அந்தக் கையோடு கோயம்புத்தூரில் கரும்பில் வேலை செய்தார். இங்கிலாந்து போய், டார்லிங்டன் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்கள். இந்தியா திரும்பித் தாவரவியல் ஆய்வுத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் மூலிகைகள். செடி மாறியது, ஊர் மாறியது, எண்ணும் கை மாறவில்லை.

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனும் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர்தான், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராக, நீதிபதியாக, விளம்பர அதிகாரியாக எல்லாம் வேலை பார்த்தார். அந்த வருடங்களிலும் அவர் பறவையைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுத ஆரம்பித்த பத்தியை 1996இல் கண் மூடும்வரை எழுதினார். பிடிக்காத வேலையில் இருக்கும் நாட்களிலும் தினமும் ஒன்றை உற்றுப் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் கை மறக்காமல் இருக்க அது போதும்.

எங்கள் பேட்டையும் அப்படித்தான். 1734இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. 'சின்ன தறிப் பேட்டை' என்பதே பெயராயிற்று என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். தறிச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. தெருக்களில் இப்போதும் விடிவதற்கு முன்பே ஆட்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

12. ஆராய்ச்சிக்குப் போக ஆசையா? சாந்தோம் நெடுஞ்சாலையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் திட்டப் பணியாளர் வேலைகள் அறிவிப்பாக வரும். சேரும் முன் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குள் நெட் தேர்வை எழுதிவிடுங்கள். திட்டம் முடிந்த அன்று கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

13. வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மீன் மார்க்கெட் வாசலில் நிற்பேன். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுத்தால் போதாது. தரை ஈரமாக இருக்கும், பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிவாருங்கள், மீன் வாங்கிப் போகலாம்.