மனாவுஸ் போகிறவர்களுக்கு

பிரேசிலின் மனாவுஸ், ரியோ நெக்ரோ ஆற்றங்கரை நகரம். புறப்படக் குறைந்தது 10 நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

எந்த மாதம் போவது என்பதை ஆறுதான் முடிவு செய்ய வேண்டும். ஜூனில் நிரம்பி நிற்கும் தண்ணீர், அக்டோபர், நவம்பரில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கிவிடும். மூழ்கிய காட்டுக்குள் மரக்கிளைகளின் ஊடே படகில் போக மே முதல் ஜூலை வரை. மணல்கரையில் குளிக்க செப்டம்பருக்குப் பிறகு. என்னைக் கேட்டால், வெள்ளக் காலமே அழகு.

ரியோ நெக்ரோவின் கருநீரும் சொலிமோயிஸ் ஆற்றின் மண்நிற நீரும் பல கிலோமீட்டர் கலக்காமல் ஓடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஓடும் படகிலிருந்தே கையை நீட்டித் தொடாதீர்கள். படகோட்டியிடம் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நீருக்கும் சூட்டில் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ரப்பர் பணத்தில் எழுந்து 1896-இல் திறந்த அமேசோனாஸ் நாடக அரங்கு நகருக்குள்ளேயே இருக்கிறது.

பெலேம் நகரம் வரை கப்பலில் போவதானால் சில நாள் பயணம். படுக்கத் துணித் தூளியும் கயிறும் துறைமுகத்துக்கு அருகிலேயே வாங்கலாம். சீக்கிரம் ஏறி, இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் தள்ளிக் கட்டுங்கள். இரவில் ஆற்றுக்காற்று குளிரும், ஒரு போர்வை அவசியம்.