மண்ணுள் இருப்பவற்றைக் காத்தல்

நீடாமங்கலத்தின் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. காவிரியின் இக்கிளைகள் நீரை மட்டுமா கொணர்ந்தன? வண்டலையும் கொணர்ந்தன. அவ்வண்டல் நம் முன்னோர் நடமாடிய தரையை மூடிற்று, மூடியதனாலேயே காத்தது. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் அந்தக் காப்புத் தளர்கின்றது. அது எவ்வாறு என்பதை இப்பாடத்திற் காண்போம்.

காவிரிப்பூம்பட்டினத்தை அறியாத சமணர் இல்லை. கவுந்தியடிகள் கோவலன் கண்ணகியோடு மதுரைக்கு வழிநடந்தது அந்நகர்ப்புறத்திலிருந்தே. அங்கு நிக்கந்தக் கோட்டம் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். அதனை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது செங்கற் படகுத்துறை ஒன்றும், அதில் நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. மரத்தின் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டிற்று. வேலிக்கால் பத்தாண்டில் உளுத்துப்போகிறது. இம்மரம் 2,000 ஆண்டுகளுக்கு மேல் நின்றது எப்படி? ஈரச் சேற்றுள் காற்றுப் புகவில்லை. காற்றின்றி மரத்தை அரிக்கும் நுண்ணுயிர்கள் பெருகவில்லை. மழை பொய்த்து, ஆழ்குழாய்க் கிணறுகள் நீரை உறிஞ்ச, நிலத்தடி நீர் இறங்குமாயின் அங்கே காற்றுப் புகும். பிறகு சில ஆண்டுகளே போதும்.

அடுத்தது உப்பு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது. கடலோரத்தில் நன்னீர் குறையுமிடத்து உவர்நீர் உள்ளேறும். பயிற்சிப் பள்ளியில் நாம் மாணவியரைச் செய்யச் சொன்ன சோதனையை வீட்டுப் பிள்ளைகளும் செய்யலாம். செங்கல் துண்டொன்றை உப்புநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துக, பலமுறை செய்க. வெண்மையாய் உப்புப் பூத்து மேற்பரப்பு பொரிந்து உதிரும். நனைவதும் காய்வதும் மாறிமாறி வருவதே கேடு. செப்புத் திருமேனியிலோ உப்பு உட்புகுந்து, வெளிர்பச்சைப் பொடியாக உலோகத்தைத் தின்னும்.

புயலும் புதைந்தவற்றைப் புரட்டுகிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் இப்பகுதியில் எண்ணற்ற மரங்களை வேரோடு சாய்த்தது. அத்தகைய வேர்க்குழிகளைத் தூர்க்குமுன் பானையோடு, பழஞ்செங்கல், உருவக்கல் ஏதேனும் உண்டா என நோக்குதல் நன்று. தீபங்குடியும் மன்னார்குடியும் இன்றும் அருகன் கோயில் விளங்கும் ஊர்கள். சோழநாட்டு வயல்களிலும் குளங்களிலும் தீர்த்தங்கரர் படிமங்கள் கிடைத்துள்ளன. ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

நம்மவர் சிலர் விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். படிமம் கிடைத்தவுடன் பாலும் எண்ணெயும் வார்த்து, புளியிட்டு விளக்கி, மேடையிட்டு நிறுத்துவது பக்தியாயினும் பொருளுக்குத் தீங்கு. செம்பின் மேற்படிந்த பச்சைக் களிம்பும் ஒரு காப்பே. அதனைத் தேய்த்தெடுத்தால் மீளாது. கல்லாயினும் சுரண்டற்க. ஈரமாய் வந்த மரத்தை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்க. இருந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்க. பொருளைப் பெயர்த்தபின் அவ்விவரத்தை எவராலும் மீட்க இயலாது. பின் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்க. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி செய்தி மாவட்ட ஆட்சியருக்குச் செல்ல வேண்டும்.